கிழக்குக் கடற்கரையில் முதல் மிதிவண்டிப் பயணம்: சிங்கப்பூரின் கரையோரப் பாதைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மேடு என்று சொல்லத்தக்க இடம் ஏறக்குறைய இல்லை. 1966ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின் மீது அமைந்த பூங்கா என்பதால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளும் அதன் கரையோரம் முழுவதும் தட்டையாகவே கிடக்கிறது. மிதிவண்டிக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், தளமும் சீரானது. ஆகவே "மிகவும் எளிது, வாருங்கள்" என்று சொல்லித்தான் நாம் புதியவர்களை அழைத்துச் செல்கிறோம். அப்படி வந்தவர்களில் சிலர் மறுவாரம் எட்டிப் பார்ப்பதில்லை. சமதளம் எளிது என்பது பாதி உண்மைதான். இறக்கமே வராத பாதையில் பெடலை நிறுத்திவிட்டுக் கால்களை ஆற்றிக்கொள்ள வாய்ப்பில்லை. எழுந்து மிதிக்கத் தேவை வராததால், உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரிடுகிறது. மேடில்லாத கரையில் காற்றுதான் மேடு; வெயில்தான் சுமை. இவ்விரண்டையும் முன்கூட்டிக் கணக்கில் கொள்பவருக்கு இந்தப் பாதை மெய்யாகவே எளிது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்காக வண்டி வாங்க வேண்டாம். பூங்காவிலேயே வாடகைக் கடைகள் உள்ளன. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். கடைக்காரர் முதலில் நீட்டும் வண்டியை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், கைப்பிடி நேராக இருக்கும், கியர் உள்ள, நடுத்தர அகலமான டயர் கொண்ட வண்டியைக் கேளுங்கள். மலைப்பாதைக்கு உரிய தடித்த பள்ளங்களுடைய டயர் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். தளமிட்ட பாதையில் அது உங்கள் உழைப்பைத்தான் தின்னும். பந்தய வண்டியின் ஒல்லி டயரோ, பாதையோரம் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலில் வழுக்கும். முன்னால் ஒரு கூடை அல்லது பின்னால் ஒரு கேரியர் இருந்தால் முதுகுப் பை தேவைப்படாது. இந்த ஊர் ஈரப்பதத்தில் முதுகில் பை தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதித்தால் சட்டை என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

வண்டியைக் கையில் வாங்கியதும் கடை வாசலிலேயே மூன்றைச் சோதியுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது எளிதில் உள்ளே போகக் கூடாது. உரிய காற்றழுத்தம் எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள்; சக்கரம் நகரக் கூடாது. செயின் துருவேறி உலர்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். கடலோரக் கடைகளில் உப்புக்காற்று பட்டுத் துருப்பிடித்த செயின் அரிதன்று, அதைக் கேட்டு மாற்றிக்கொள்வதில் கூச்சமும் தேவையில்லை.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வதுதான் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. பெரும்பாலோர் தவறுவதும் இதில்தான். ஊரில் சைக்கிள் ஓட்டிப் பழகிய நம்மவர்களுக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போய்வர அது போதும். 20 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால், தாழ்ந்த இருக்கை முழங்காலை வதைத்துவிடும். பெடல் அடியில் வந்து நிற்கும்போது குதிகாலை அதன் மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அந்த உயரம் சரியானது. நிறுத்தும்போது இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நின்றுகொள்ள வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் அது பழகிவிடும்.

கியர் விஷயத்தில் ஒரே ஒரு விதி போதும்: கால் கனமாகத் தோன்றும் முன்பே இலகுவான கியருக்கு மாறிவிடுங்கள். ஒற்றைக் கியர் வண்டியை அழுத்தி மிதித்தே வளர்ந்தவர்கள், கனமான கியரில் மெதுவாகச் சுழற்றுவதைத்தான் பலம் என்று நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வரை இலேசாகச் சுழலும் கால்கள் நெடுநேரம் தாங்கும். அழுத்தி மிதிக்கும் கால்கள் அவ்வளவு தூரம் வாரா.

உடையும் கொண்டுசெல்ல வேண்டியவையும்

தனி உடை கட்டாயமில்லை. ஆனால் தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். அந்தத் தையல் உட்காரும் இடத்தில் அறுத்து எடுத்துவிடும். தளர்ந்த முழுக்காற்சட்டை அணிந்திருந்தால், வலக்கால் பக்கத்தை மடித்தோ ரப்பர் வளையம் போட்டோ செயினிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். சுடிதார் அணிந்து வருபவர்கள் துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும், தோளில் முடிச்சிட்டாலும் போதாது. கடற்காற்று அதை அவிழ்த்துப் பின்சக்கரத்தில் சுற்றிவிடக்கூடும். தலைக்கவசம் சாலையில் ஓட்டுபவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம் என்றாலும், சிறுவர்கள் குறுக்கே ஓடும் பூங்காப் பாதையில் அதை அணியாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தண்ணீர், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். வெயிலுக்கு முகப்பூச்சு, ஒரு மெல்லிய மழைச்சட்டை, கைப்பேசி, கொஞ்சம் ரொக்கம். சொந்த வண்டியானால் ஒரு மாற்று டியூப், டயர் நெம்பி, சிறிய பம்ப். இவ்வளவுதான்.

எப்போது புறப்படுவது

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே விடிகிறது, மாலை 7 மணியை ஒட்டியே இருட்டுகிறது. புதியவர்கள் வார நாளொன்றின் காலை 7 மணிக்குப் புறப்பட்டு 9.30 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வாரயிறுதி மாலையில் அந்தப் பாதையில் மிதிவண்டி, சறுக்குருளை, தள்ளுவண்டியில் குழந்தை, நாய், மூன்று தலைமுறைக் குடும்பம் ஆகிய யாவும் ஒன்றாகச் செல்லும். அது ஓட்டப் பழகும் இடமன்று.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் காற்று தெற்கு, தென்கிழக்குப் பக்கங்களிலிருந்து வருகிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து தீவின் கிழக்கு முனையான சாங்கி நோக்கிச் செல்லும் பாதை மொத்தத்தில் வடகிழக்காக ஏறிப் போவது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். சோர்ந்த கால்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஜூலையில் நிலைமை தலைகீழ். நான் முதன்முறை சாங்கி வரை போனது ஒரு ஜூலை மாதக் காலையில்தான். என் கால்களில் இவ்வளவு வலு இருக்கிறதா என்று வியந்துகொண்டே போனேன். திரும்புவதற்காக வண்டியைத் திருப்பிய கணத்தில்தான், அவ்வளவு நேரம் மிதித்தது நானல்ல என்பது விளங்கியது. வந்த நேரத்தைப் போல இருமடங்கு ஆயிற்று. பாதி வழியில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

ஆகவே புறப்படும் முன் மரக்கிளைகளையும் கம்பத்துக் கொடிகளையும் பாருங்கள். மிக எளிதாக ஓட முடிகிறது என்று தோன்றினால், காற்று முதுகில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நினைத்த தூரத்துக்கு முன்னதாகவே திரும்பிவிடுங்கள். நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறக் கடற்காற்றும் வலுப்படும் என்பது காலைப் பயணத்துக்கு இன்னொரு காரணம்.

தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா சூறைக்காற்று எனப்படும் புயல்மழை, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகும். வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கூரையுள்ள கூடாரங்கள் பூங்காவில் ஆங்காங்கே இருக்கின்றன, அவற்றில் காத்திருங்கள்.

முதல் பயணம்: மரீன் கோவ் முதல் பிடோக் படகுத்துறை வரை

2024ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தின் ஏழு புதிய நிலையங்கள் திறக்கப்பட்டபோது, இந்தப் பூங்காவுக்கு வருவது பெரிதும் எளிதாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் பேருந்தில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. இப்போது மரீன் பரேட் நிலையத்தில் இறங்கினால், விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதை வழியாகச் சிறிது நேரத்தில் கடற்கரையை அடைந்துவிடலாம். மடக்கு மிதிவண்டி வைத்திருப்பவர்கள் அதை ரயிலிலேயே கொண்டுவரலாம். மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். மடக்க முடியாத வண்டிக்கு ரயிலில் இடமில்லை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூங்கா மேற்கிலிருந்து கிழக்காக ஏ முதல் எச் வரை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கார் நிறுத்துமிடங்களுக்கும் அவ்வெழுத்துகளே பெயர் என்பதால், எங்கே இருக்கிறோம் என்பதை அறிவதற்கு வரைபடம் கூடத் தேவைப்படாது. உணவகங்களும் சிறுவர் விளையாட்டிடமும் உள்ள மரீன் கோவ் சி பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, கடலை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தென்னையும் சவுக்கும் தூங்குமூஞ்சி மரங்களும் பாதைக்கு நிழல் தருகின்றன. கடலில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம் வரும். 1978இல் திறக்கப்பட்ட இந்த உணவங்காடி கடற்கரை மணலை ஒட்டியே அமைந்தது. இங்கே சாத்தே எனும் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும் சுட்ட கோழி இறக்கையும் பெயர் பெற்றவை. ஆனால் காலையில் பெரும்பாலான கடைகள் திறந்திரா. கரும்புச் சாறு கிடைத்தால் நல்லூழ். மேலும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால், கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு செல்லும் பிடோக் படகுத்துறையை அடையலாம். தூண்டில்காரர்களின் இடம் அது. தூண்டிலை வீசுவதற்காக அவர்கள் பின்னால் சுழற்றும்போது முள் எங்கே வருகிறது என்று அவர்களே பார்ப்பதில்லை. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.

இதுவரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர், திரும்பினால் 8. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நாற்பது நிமிட ஓட்டம்தான். இவ்வளவு தானா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் நாளுக்கு இவ்வளவுதான். மறுநாள் காலை உட்காரும் இடமும் மணிக்கட்டும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு அடுத்த தூரத்தை முடிவு செய்யலாம். ஓடும்போதே கால்மணிக்கு ஒருமுறை கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். பெடலை ஒரு கணம் நிறுத்தி இருக்கையிலிருந்து எழும்பி நில்லுங்கள். இறக்கம் தராத ஓய்வை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதை ஒழுங்கு

இடப்பக்கம் செல்ல வேண்டும். மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் உச்சவேகம் மணிக்கு 25 கி.மீ.; மிதிவண்டிகளை அனுமதிக்கும் சாதாரண நடைபாதையில் 10 கி.மீ. மட்டுமே. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியே பாதசாரிகளுக்கென்று குறிக்கப்பட்ட தடத்தில் மிதிவண்டி ஓட்டுவது குற்றமாகியிருக்கிறது. தரையில் வரைந்துள்ள குறிகளைக் கவனியுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தக் கூடாது.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். முந்திச் செல்லும்போது மணியைத் தொலைவிலேயே ஒருமுறை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று அடித்தால், நடப்பவர் பெரும்பாலும் உங்கள் வழியிலேயே துள்ளி விழுவார். சிறுவர் வண்டி முன்னால் போனால் அது எந்தப் பக்கமும் திரும்பும் என்றே கொள்ளுங்கள். பாதையில் மணல் படிந்திருந்தால் பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல், நேராகக் கடந்து செல்லுங்கள். மணலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் வேகத்தால் விழவில்லை, முன்பிரேக்கால் விழுந்தவர்கள்.

அடுத்த கட்டம்: சாங்கி வரை

இரண்டு மூன்று முறை 15 கிலோமீட்டர் வரை சிரமமின்றிப் போய்வந்தவர்கள் சாங்கியை நினைக்கலாம். பிடோக் படகுத்துறையைக் கடந்து கிழக்கே போகப்போகக் கூட்டம் குறையும். பூங்கா முடிந்து, தானா மேரா படகு முனையத்தின் பக்கமாகச் சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய இணைப்புப் பாதை தொடங்குகிறது. இந்தப் பகுதிதான் இந்த வழியின் உண்மையான சோதனை. நேர்கோடு போல நீளும் பாதையில் மரநிழல் குறைவு, கடை கிடையாது, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கும் காட்சி சிறுவர்களை மட்டுமின்றிப் பெரியவர்களையும் நிறுத்திவிடும் என்றாலும், பூங்காவை விட்டு நீங்கும் முன்பே தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்ளாதவர்கள் அங்கே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கிளைவழி உண்டு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமான இணைப்புப் பாதை, கிழக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் வரை செல்கிறது. அதில் ஒரு கிலோமீட்டர் முழுவதும் ஆளுயரத்தையும் மிஞ்சிய டைனோசர் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. முனையத்தின் அருகே மிதிவண்டி வாடகையும் கட்டணக் குளியலறையும் உள்ளன. குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

நேரே செல்பவர்கள் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள சாங்கி கடற்கரைப் பூங்காவை அடைவார்கள். நிழல் மீண்டும் தொடங்கும். எதிரே உபின் தீவு தெரியும். இந்தக் கரையில்தான் 1942 பிப்ரவரி 20 அன்று 66 ஆடவர்களை ஜப்பானியப் படையினர் நீர்விளிம்பில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதைக் குறிக்கும் நினைவுப் பலகை ஒன்று அங்கே உள்ளது. அதைத் தாண்டிச் சாங்கி வில்லேஜ். தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக்குக்குப் பெயர்போன உணவங்காடியும், சாங்கி வில்லேஜ் சாலையிலேயே ஸ்ரீ ராமர் கோயிலும் இருக்கின்றன. வியர்வை ஆற ஓரிடம், பசியாற ஓரிடம் என்று இரண்டும் பக்கத்தில் அமைந்திருப்பது மிதிவண்டிக்காரர்களுக்கு வசதி.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் ரயிலில் ஏற்ற முடியாத வண்டி நினைவுக்கு வரும். சாங்கி வில்லேஜில் ரயில் நிலையமே இல்லை. வந்த தூரத்தைத் திரும்ப மிதித்தே ஆக வேண்டும். எனவே புறப்படும்போதே கணக்குப் போடுங்கள். உங்களால் ஒரே நாளில் இயலும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் கால்களைச் சோதித்துப் பாருங்கள். தொடை கனத்திருந்தால், அல்லது காற்று முதுகில் அடிக்கிறது என்றால், அங்கேயே திரும்பிவிடுவதில் இழுக்கு இல்லை. வேறு கிளையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் வாடகைக் கடைகளும் உண்டு. புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். வழியில் வெயில் தாக்கித் தலை சுற்றினாலோ வியர்ப்பது நின்று உடல் கொதித்தாலோ உடனே நிழலில் இறங்கி, உடலைத் தண்ணீரால் நனைத்துக் குளிர்வித்து, உதவிக்கு 995 என்ற எண்ணை அழையுங்கள்.

மேற்கே போக விரும்புவோருக்கு நகரப் பக்கமும் வழி இருக்கிறது. கரையோரமாகவே சென்று, 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டைப் பார்த்து வரலாம். ஆனால் அப்பக்கம் கட்டுமானப் பணிகளால் பாதை மாற்றிவிடப்படுவதுண்டு என்பதால், தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

வீடு திரும்பியதும்

வாடகை வண்டியானால் வேலை முடிந்தது. சொந்த வண்டியானால், குளிப்பதற்கு முன் அதைக் குளிப்பாட்டுங்கள். கடற்காற்றின் உப்பு செயினிலும் திருகாணிகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, ஓரிரு நாளிலேயே துருவைத் தொடங்கிவிடும். வேகமாகப் பீய்ச்சாமல், குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, பழைய துணியால் துடைத்து, செயின் நன்றாக உலர்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விடுங்கள். மிகுதியை மீண்டும் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் அடுத்த முறை கடற்கரை மணல் முழுவதும் அதில்தான் ஒட்டும். டயரின் மேற்பரப்பில் விரலை ஓட்டிச் சிப்பித் துண்டோ கண்ணாடித் துகளோ குத்தியிருக்கிறதா என்று தேடி எடுத்துவிட்டு, வண்டியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். மறுநாள் காலை டயரை மறுபடி அழுத்திப் பாருங்கள். இரவில் காற்று இறங்கியிருந்தால், டியூபைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த பயணத்துக்கு முன்பே ஒட்டுப் போட்டுவிடலாம்.